இருபத்திரண்டு அடி ஹால்

மார்ச் 2, ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் ஒரே சிரிப்பு. என் தம்பி சென்னியப்பன் பொங்கலுக்குப் பெரிய டிவி வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான். படம் அங்கே ஓடுகிறது, வசனம் இங்கே கேட்கிறது. அடிக்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்று தெரியாமல் வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எங்களுக்குள் பாகம் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. ஈரோட்டில் அப்பா கட்டிய வீடு. ஹாலுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பி, கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. என் வாசல் தெருவைப் பார்த்து, அவன் வாசல் பின்னாலிருக்கும் சந்துப் பக்கம் பார்த்து. அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் புரொஜெக்டர் வைத்து, சர்க்கரை வியாதியைப் பற்றிச் சுவர் நிறையப் படம் காட்டினார்கள். எல்லோரும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று தெய்வானையிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நம்ம டிவிக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. சின்னதா இருக்குது."

"வாங்குனப்பவும் இதே அளவுதானுங்க இருந்துச்சு."

கடைசியில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். முப்பது வருஷம் சர்க்கார் சர்வேயராக இருந்தவன் நான். தாலுகாவுக்கே எல்லை சொன்னவன். இந்த வீட்டில் எனக்கு எல்லை சொல்கிறவள் அவள்.

மார்ச் 4, செவ்வாய்

யூடியூபில் ஒவ்வொருவனும் ஒவ்வொன்று சொல்கிறான். வெளிச்சத்துக்கு லூமன்ஸ் என்று ஒரு கணக்கு. டப்பாவின் மேல் ஒன்பதாயிரம் என்று போட்டிருந்தால் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கிரயப் பத்திரத்தில் போடுகிற விலைக்கு இது நேர் எதிர்.

போர் மோட்டார் மறுபடியும் மக்கர் செய்கிறது. ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

மதியம் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு. தெய்வானை தட்டினால் ஓரம் காய்ந்துவிடும். இன்றைக்குப் பூ மாதிரி இருந்தது. "கை பழகிப் போச்சுங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்து மூன்றாவது வருஷத்தில் பழகியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வாங்கியாகிவிட்டது!

கடைக்காரர் பெயர் ரியாஸ். சின்ன வயசு, நல்ல பொறுமை. முதலில் டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றைக் காட்டினார். விலை குறைச்சல்தான். ஆனால் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, விளக்கை அணைத்த பிறகும் கதாநாயகன் அமாவாசையில் நடக்கிற மாதிரிதான் தெரிந்தான். டப்பாவில் 4K என்று போட்டிருந்தது. கேட்டேன்.

"4K சப்போர்ட்னு போட்டிருக்காங்க சார். உள்ள வாங்கிக்கும். வெளிய அவ்ளோ காட்டாது."

இந்த மாதிரி ஆட்களை எங்கள் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் வைத்தாலே சுவர் நிறையப் படம் விழுகிறது. நல்ல சாமான், விலை மட்டும் தெய்வானை போட்ட எல்லையைப் போல இரண்டு மடங்கு. மூன்றாவது, ஏதோ கம்பெனியைக் காலி செய்தபோது எடுத்த பழசு. சுத்தம் செய்து புது விளக்குப் போட்டு வைத்திருந்தார். கனம் அம்மிக்கல்லாட்டம். ஆனால் வெளிச்சம் என்றால் வெளிச்சம்! பட்டப்பகலில் கடைக்குள்ளேயே பளிச்சென்று தெரிந்தது. இருபத்து நாலாயிரம்.

"ஒரே ஒரு விசயம் சார். இது பெரிய ஆபீஸ் ஹாலுக்குன்னு செஞ்சது. பதினாறு, பதினேழு அடி தள்ளி வெச்சாத்தான் படம் பெருசா விழும். கிட்ட வெச்சா சின்னதாயிரும். உங்க ஹால் நீளம் எவ்வளவு?"

"இருபத்திரண்டு அடி" என்றேன்.

"அப்பத் தாராளம் சார். அளந்துட்டீங்கல்ல? ஏன்னா இது ரிட்டர்ன் எடுக்கிற சாமான் இல்ல."

"தம்பி, நான் ரிட்டயர்டு சர்வேயர். எங்கிட்ட அளந்தீங்களான்னு கேக்கறயா?"

பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பில் போட்டார். பக்கத்தில் நின்ற தெய்வானை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விலையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

சுவரில் மாட்டத் திரை இல்லை. என் எட்டு முழ வேட்டியை வாசல் பக்கச் சுவரில் ஆணியடித்துக் கட்டினேன். புரொஜெக்டரை நடுச்சுவரை ஒட்டி ஸ்டூல் போட்டு வைத்தேன். விளக்கை அணைத்துப் போட்டால், படம் வேட்டியின் நடுவில் கைக்குட்டையாட்டம் விழுகிறது. லென்ஸ் சக்கரத்தைத் திருகினேன். இன்னும் தள்ளி வைக்கலாம் என்று ஸ்டூலைப் பின்னால் நகர்த்தினேன். சுவர் இடித்தது. இன்னும் தள்ளினேன். சுவர் நகருமா?

அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு அடி அப்பா கட்டிய ஹால். இப்போது என் பங்குக்கு இருப்பது அதில் பாதி. அந்தப் பாதியைப் பிரித்துக் கொடுத்தவனே நான்தான்.

"படம் அமராவதி ஊட்டு டிவியாட்டத்தான் இருக்குதுங்க" என்றாள் தெய்வானை. அமராவதி சென்னியின் மனைவி.

"அவிய டிவி எவ்வளவு பெருசுன்னு உனக்கெப்பிடித் தெரியும்?"

வேட்டியின் சுருக்கத்தை இழுத்துவிட்டபடி, "சத்தத்த வெச்சுச் சொன்னனுங்க" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

ரியாஸுக்கு ஃபோன் செய்தேன். ஹால் கொஞ்சம் குறைகிறது என்றேன். எவ்வளவு சார் என்றார். பதினோரு அடி என்றேன். அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இருபத்திரண்டுல பதினொண்ணு குறையுதுங்களா சார்?" என்றார். மரியாதையான பையன், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். மாற்றிக்கொடுக்க வழியில்லையாம். முதலிலேயே சொன்னாராம். சொன்னார்தான்.

ஒரு சர்வேயர் டேப் எடுத்து அளக்காமல் வாயால் அளவு சொல்லியிருக்கிறேன். வெளியே தெரிந்தால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது.

ஏன் அளக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் நான் டேப் எடுப்பதில்லை. பாகம் பிரித்த அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சென்னி சொன்னான்: "டேப்பும் அவிய கையில, அளவும் அவிய வாயில. நாம என்னத்தக் கண்டோம்?" எத்தனையோ ஊரில் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே கல் நட்டிருக்கிறேன். வெட்டரிவாளோடு நின்றவர்கள்கூட என் அளவைச் சந்தேகப்பட்டதில்லை. என் கைப்பிடித்து நடை பழகியவன் சந்தேகப்பட்டான். டேப்பைச் சுருட்டிப் பரணில் போட்டவன்தான்.

ஆனாலும் எப்படி வாயில் இருபத்திரண்டு என்று வந்தது? வயசாகிவிட்டது, வேறென்ன.

மார்ச் 12, புதன்

தெய்வானை கொல்லைப்புறத்துக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். குடம் நிறைய இவ்வளவு நேரமா? போய்ப் பார்த்தால் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருக்கிறது. இவள் காம்பவுண்டுச் சுவரோரம் கருவேப்பிலைச் செடியிடம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சமையல் ரசம்தான். அதற்குக் கொத்துக் கொத்தாக எதற்கு?

மார்ச் 14, வெள்ளி

இன்று அமராவதி வந்தாள். வாசல் வழியாக, நாலு வருஷத்தில் முதல் தடவை. அடுப்படியில் டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தானே எடுத்துத் தண்ணீர் குடித்தாள். எல்லா வீட்டிலும் டம்ளர் ஒரே இடத்தில்தான் இருக்கும் போல.

"மாமா, அவிய ஒரு ரோசன சொல்லியுட்டாங்க. மிசினைக் கொண்டுவந்து எங்க பக்கம் வெச்சுக்கலாமாம். நடுச்செவுத்துல ஒரு ஜன்னலாட்டம் ஒடச்சுட்டா, லைட்டு அது வழியா இக்கட்ட, இந்தப் பக்கமா வந்து உங்க செவுத்துல விழுகுமாமா. தூரமும் சரியா இருக்குமாமா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஹால் நீளம் பத்தலைங்கறது அவனுக்கெப்பிடித் தெரிஞ்சுது?"

அமராவதி தெய்வானையைப் பார்த்தாள். தெய்வானை விட்டத்தைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க மாமா சொன்னேன். மாமா கடையில போயி நம்ம ஹாலு இருபத்திரண்டு அடின்னு சொல்லிப்போட்டாராமான்னேன். சிரிப்பாங்கன்னு பாத்தேன். சோத்துல வெச்ச கையோட அப்பிடியே உக்காந்திருந்தாங்க. பொறவு எந்திரிச்சுப் போயி நடுச்செவுத்தத் தட்டித் தட்டிப் பாத்தாங்க."

சுவரை எதற்குத் தட்டிப் பார்க்க வேண்டும்? சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது. என் மேற்பார்வையில் கட்டியது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவன் தயவு எனக்குத் தேவையில்லை. ஆனால் இருபத்து நாலாயிரம் ரூபாய்ச் சாமான் மூலையில் கிடக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இரு தரப்புப் பேச்சுவார்த்தை இன்று நடந்தது. நான் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் அந்தப் பக்கம். நேரில் பேசுவதாக இல்லை. நான் தெய்வானையிடம் சொல்ல வேண்டும், அவள் சுவரைப் பார்த்து அமராவதியிடம் சொல்ல வேண்டும், அமராவதி அவனிடம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கிற சுவர்தான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

"மிசினு என்னோடது, அதைத் தொடறதா இருந்தா பதனமாத் தொடோணும்னு சொல்லு" என்றேன்.

தெய்வானை சொன்னாள். அமராவதி சொன்னாள்.

"தொடச்சு வெக்கறதுக்கு எங்களுக்குந் தெரியும்னு சொல்லு" என்று அவன் குரல்.

"கரண்டு அவிய மீட்டர்ல ஓடும். அதுக்குண்டான காசை மாசாமாசம் வாங்கிக்கோணும்னு சொல்லு."

"காசுன்னா மிசினை வெளிய வெச்சுருவேன்னு சொல்லு."

"இனாமா எதுவும் வேண்டாம்னு சொல்லு."

"இனாமில்ல, நாங்களும் அந்த ஜன்னல்லயே படம் பாத்துக்குவோம்னு சொல்லு."

இப்படியே வெகுநேரம் போனது. ஓட்டை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், மேஸ்திரி யார், புழுதி யார் பக்கம் விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. புழுதி பாதிப் பாதி. நடுவில் காப்பி கேட்கலாம் என்று திரும்பினால் தெய்வானை இல்லை. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். அவளும் அமராவதியும் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இவ்வளவு நேரம் யார் சொல்லி யார் கேட்டது? அந்தப் பக்கம் அவன் இன்னும், "மேஸ்திரி மாரப்பனே வரட்டும்னு சொல்லு அமராவதி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இங்கே இருக்கிறாள் என்று நான் எப்படிச் சொல்வது? எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாதே. நாற்காலியில் போய் உட்கார்ந்து, "சரின்னு சொல்லு தெய்வானை" என்று சுவரிடம் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

மாரப்பன் வந்தான். அன்றைக்கு இந்தச் சுவரைக் கட்டியவனே அவன்தான். கடப்பாரையைப் போட்டதும் நாலு செங்கல் பொலபொலவென்று அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாக சென்னியின் முழங்கால் தெரிந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்காணிக்கிறானாம். நானும் இந்தப் பக்கம் நாற்காலியில்தான் இருந்தேன்.

மாரப்பனுக்கு வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது.

"நல்லா ஞாபகம் இருக்குதுங்க. செவுரு ஒம்போதங்குலம் கனம். ரெண்டு பேரு பாகத்துலயும் பாதிப் பாதி புடிக்கோணும், அதுதான மொறை. நூல் புடிக்கறப்ப நீங்க வந்து, பூராம் எம் பக்கமே தள்ளிக் கட்டு, தம்பிக்கு எடம் கொறையப்படாதுன்னீங்க. எனக்கு அன்னிக்கே…"

"வாயை மூடிட்டு வேலையப் பாரு மாரப்பா."

"இல்லீங்க, நாஞ் சொல்ல வந்தது…"

"உனக்குக் கூலி ஒடைக்கறதுக்கா, பேசறதுக்கா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். ஓட்டையில் பார்த்தேன். முழங்காலைக் காணோம். நாற்காலி காலியாக இருந்தது. மதியம் வரை அந்தப் பக்கம் டிவிகூடப் போடவில்லை.

நான் அப்போது அப்படிச் சொன்னது, அந்தப் பக்கம் தரை கொஞ்சம் பள்ளம், அஸ்திவாரம் நிற்காது என்பதற்காகத்தான். மாரப்பனுக்கு என்ன தெரியும்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. புழுதி.

மார்ச் 21, வெள்ளி

பூச்சு காய்ந்துவிட்டது. ஜன்னல் மூன்றடி அகலம், இரண்டடி உயரம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. தெய்வானை அதற்குத் திரைச்சீலை தைக்கப் போகிறாளாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். படத்தை மறைக்கும் என்றேன்.

மோட்டார் ஆள் இன்னும் வரவில்லை.

மார்ச் 22, சனி

முதல் காட்சி சாயங்காலம் ஏழு மணிக்கு என்று முடிவாயிற்று. வாசல் பக்கச் சுவரில் வேட்டியை எடுத்துவிட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். அமராவதி சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு பாத்திரம் நிறைய மொச்சைச் சுண்டலோடு வந்தாள். நானும் தெய்வானையும் அமராவதியும் இந்தப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தோம். சென்னி வரவில்லை. மிஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்வானாம். வராவிட்டால் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பாயில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு ஏன் ஓரமாக உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

விளக்கை அணைத்தோம். அந்தப் பக்கமிருந்து ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து சுவரில் விழுந்தது. பெரிய படம்! எட்டடிக்குக் குறையாது. தெய்வானை "ஐயோ" என்றாள். ரியாஸ் சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

அரை மணி நேரம் நன்றாக ஓடியது. கதாநாயகன் வில்லனின் குடோனுக்குள் போகிறான், கதவு திறக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிற நேரம், சுவர் முழுக்க ஒரு தலை. கறுப்பாக, எட்டடிக்கு. காதெல்லாம் தெரிகிறது. ஒரு பக்கம் முடி கலைந்து நிற்பதுகூடத் தெரிகிறது. பார்க்கிற ஆசையில் சென்னி மிஷினுக்கு முன்னால் வந்து ஜன்னலில் தலையை நுழைத்துவிட்டான். தன் தலைதான் சுவரில் நிற்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. யார் உள்ளே என்று பார்க்க இன்னும் எட்டினான். தலையோடு தோளும் சேர்ந்து வந்து நின்றது.

பெண்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "டேய் சென்னி, தலைய எடுடா. மறைக்குது."

தலை நகரவில்லை. வில்லன் ஏதோ கத்தினான், யாருக்கும் காதில் விழவில்லை. பிறகு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"எங்க உக்காரட்டும்ணா?"

"அங்கிருந்தா மறைக்கத்தாண்டா செய்யும்" என்றேன். "இக்கட்ட வா."

தெருவைச் சுற்றி வருவான் என்றுதான் நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலிலேயே ஏறிவிட்டான். ஐம்பத்து மூன்று வயசு, ஊதிப் போன உடம்பு. தலையும் தோளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன, வயிறு ஜன்னல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. சுவரில் படம் சுத்தமாகப் போய், இரண்டு பெரிய கால்கள் ஆகாசத்தில் உதைத்துக்கொண்டிருந்தன. அமராவதி சுண்டலைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிறாள். தெய்வானைக்குச் சிரிப்பில் விக்கல் எடுத்துவிட்டது. நான் எழுந்து போய் அவன் இரண்டு கையையும் பிடித்தேன்.

"மூச்ச உள்ள இழுடா."

"இழுத்துட்டுத்தாண்ணா இருக்கறேன்."

ஒரே இழுவை. பொத்தென்று என்மேல் வந்து விழுந்தான். இருவரும் பாயில் கிடந்தோம். எழுந்திருக்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை. அவன் என் கையை விடவில்லை. "டேப்பைப் பத்தி அன்னைக்கு…" என்று ஆரம்பித்தான்.

"படத்தப் பாருடா" என்றேன்.

பார்த்தோம். அவன் தோள் என் தோளை ஒட்டியே இருந்தது. படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு வரி தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சென்னி மறுபடியும் ஜன்னல் வழியாக வந்தான். இந்தத் தடவை ஸ்டூல் போட்டுக்கொண்டு, பழகிய ஆள் மாதிரி.

"வாசல்ல வரப்படாதா?" என்றேன்.

"சுத்திட்டு வரோணும்ணா" என்றான்.

தெய்வானை இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவனுக்குச் சர்க்கரை குறைவு, எனக்கு இல்லவே இல்லை. அவள் யாரையும் கேட்கவில்லை. இனி அதைப் பற்றி நானும் கேட்கப் போவதில்லை. காப்பி ஆறும்வரை மோட்டாரைப் பற்றிப் பேசினோம். அவனுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறானாம்.

முதல் பக்கத்தில் எனக்கு வருத்தம் கிடையாது, நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அது பச்சைப் பொய். இன்றைக்குத்தான் நிம்மதியாக இருக்கிறேன்.